திங்கட்கிழமை முதல் வார்டு போஸ்டிங்: கையில என்ன, மனசுல என்ன?

புது மாணவி | 11 ஜூன் 2025, இரவு 9:40

ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட் (நர்ஸுக்கு உதவியா பேஷண்ட்டைப் பராமரிக்கிற வேலை) கோர்ஸ். வகுப்புப் பாடம் முடிஞ்சிடுச்சு. வர்ற 16-ம் தேதி திங்கள் காலை 7 மணிக்கு முதல் வார்டு, மெடிசின் வார்டு. பெட் மேக்கிங், ஸ்பாஞ்ச் பாத், பி.பி. எல்லாம் பொம்மையில செஞ்சு பார்த்தாச்சு. உயிருள்ள ஆள் மேல கை வச்சதில்லை. என்ன எடுத்துட்டுப் போகணும்? என்ன செய்யவே கூடாது? "பயப்படாதே"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அதை எல்லாரும் சொல்லியாச்சு.

வார்டு சிஸ்டர் | 11 ஜூன், இரவு 10:15

பையில இருந்து ஆரம்பிக்கிறேன். பாக்கெட்டுல நுழையுற சின்ன நோட்டு, ரெண்டு பேனா (ஒண்ணை யாராவது வாங்கிட்டுப் போயிடுவாங்க), ஐ.டி. கார்டு, தடுப்பூசி அட்டை ஜெராக்ஸ், வினாடி முள் இருக்கிற வாட்ச். அந்த வாட்ச் மணிக்கட்டுல வேண்டாம், யூனிஃபார்ம்ல குத்துற மாதிரி வாங்குங்க. போன்ல நாடி எண்ணலாம்னு நினைக்காதீங்க. கட்டில்ல வச்ச போன், கையில எடுத்த போன், காதுல வச்ச போன், எல்லாம் ஒரே போன்தான், கிருமியும் கூடவே போகும்.

முழங்கைக்குக் கீழ வெறும் கை. மோதிரம், வளையல், கோயில் கயிறு எதுவும் கூடாது. கயிறு ஒரு தடவை நனைஞ்சா நாள் முழுக்க ஈரமாவே கிடக்கும், அதுக்கு அடியில கை கழுவவும் முடியாது. கழட்டிப் பத்திரமா பர்சுல வச்சுக்கலாம், சாமி கோவிச்சுக்காது. தாலிச் செயின் இருந்தா உள்ளே போட்டுப் பின் குத்திடுங்க. குனியும்போது அது பேஷண்ட் மூஞ்சியில ஆடும், சுயநினைவு சரியில்லாதவர் பிடிச்சு இழுத்துடுவார். ஜிமிக்கிக்கும் இதே கதிதான். கொலுசு வேண்டாம், வார்டுல தூங்குறவங்க இருக்காங்க. பூவும் வேண்டாம், உதிர்ந்து டிரெஸ்ஸிங் தட்டுல விழும். முடி காலரைத் தொடாத கொண்டை. நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது, பாலிஷ் கூடாது.

ஷூ மூடினதா, வழுக்காததா, துடைக்க முடியுற மேல்புறத்தோட இருக்கணும். வலை போட்ட ஸ்போர்ட்ஸ் ஷூவுல யூரின் சிந்தினா உள்ளே இறங்கிடும். புது ஷூன்னா இப்பவே வீட்டுல நாலு நாள் போட்டுப் பழகுங்க. மெட்டி போடுறவங்க அந்த விரல்ல ஒரு சுத்து பிளாஸ்டர் ஒட்டிக்கணும், இல்லைன்னா மத்தியானத்துக்குள்ள கொப்புளம்.

ஹெபடைடிஸ் பி ஊசி: இன்னிக்கு ஒண்ணு, 1 மாசம் கழிச்சு ஒண்ணு, 6-ம் மாசம் ஒண்ணு. போடலைன்னா திங்களுக்கு முன்னாடி முதல் டோஸாவது போட்டுடுங்க. மூணும் முடிச்சவங்க 1 முதல் 2 மாசத்துக்குள்ள ரத்தத்துல எதிர்ப்பொருள் அளவு பார்க்கணும். 10-க்கு மேல இருந்தா பாதுகாப்பு உண்டு. பலரும் மூணு ஊசியோட நிறுத்திடுறாங்க, அளவு பார்க்கிறதே இல்லை.

வார்டு சிஸ்டர் | 11 ஜூன், இரவு 10:31

விட்டுப்போச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க. நாலு இட்லியாவது. முதல் நாள் மயங்கி விழுற பிள்ளைங்கள்ல முக்கால்வாசிப் பேர் வெறும் வயிறு. கண்ணு இருட்டுற மாதிரி, காது அடைக்கிற மாதிரி, வேர்க்கிற மாதிரி வந்தா வெட்கப்படாம அங்கேயே தரையில உட்கார்ந்துடணும். நின்ன நிலையில விழுந்தா டிராலி முனையில தலை இடிக்கும்.

வார்டு சிஸ்டர் | 12 ஜூன், காலை 6:50

நேத்து பையைப் பத்தியே சொல்லிட்டேன். அதைவிட முக்கியமானது இது. எந்த பேஷண்ட்டைத் தொடுறதுக்கு முன்னாடியும் மூணு கேள்வி.

இவர் யார்? இவர் உடம்புல என்னென்ன மாட்டியிருக்கு? இவருக்கு எது தடை?

முதல் கேள்வி சுலபமாத் தெரியும், ஆனா தப்பு நடக்கிற இடம் அதுதான். "நீங்கதானே லட்சுமி?"ன்னு கேட்டா காது கேக்காத பாட்டியும் தலையாட்டும், மயக்கத்துல இருக்கிறவங்களும் "ம்" சொல்லுவாங்க. "உங்க பேர் சொல்லுங்கம்மா"ன்னு கேட்டு, அவங்க வாயால வர்ற பேரை கைப்பட்டையிலயும் ஐ.பி. நம்பர்லயும் (அட்மிஷன் நம்பர்) ஒத்துப் பாருங்க. நம்ம ஊர்ல ஒரே வார்டுல ரெண்டு லட்சுமி, மூணு முருகேசன் சாதாரணம். இனிஷியலை மட்டும் நம்பாதீங்க, அப்பா பேரோ வீட்டுக்காரர் பேரோ முழுசாக் கேளுங்க. பெட் நம்பர் அடையாளமே இல்லை. ராத்திரி ஃபேன் ஓடலைன்னு பெட் மாத்திக்கிட்டிருப்பாங்க.

ரெண்டாவது கேள்விக்குக் கையால பதில் தேடணும். போர்வையை விலக்கி, உடம்புல ஆரம்பிச்சு ஒவ்வொரு ட்யூபையும் அது முடியுற இடம் வரைக்கும் விரலால தடவிக்கிட்டே போங்க. டிரிப்ஸ், ஆக்ஸிஜன், மூக்கு வழியா வயித்துக்குப் போற ரைல்ஸ் ட்யூப், யூரின் ட்யூப். எது கட்டில் கம்பிக்குள்ள சிக்கியிருக்கு, எது அவர் உடம்புக்கு அடியில மடங்கியிருக்குன்னு அப்பத்தான் தெரியும். புரட்டின பிறகு பார்த்தா வென்ஃப்ளான் (டிரிப்ஸுக்காக நரம்புல போட்ட சின்னக் குழாய்) வெளியே வந்து பெட்ஷீட் ரத்தமா இருக்கும்.

மூணாவதை சிஸ்டர்கிட்டதான் கேக்கணும். வாய்வழி எதுவும் கூடாதா, கட்டிலை விட்டு இறங்கலாமா, எந்தப் பக்கம் படுக்கக் கூடாது, எந்தக் கையில பி.பி. பார்க்கக் கூடாது.

டயாலிசிஸ் டெக்னீஷியன் | 12 ஜூன், பகல் 1:05

அந்தக் கடைசி வரியில ஒண்ணு சேர்த்துக்கங்க. டயாலிசிஸ் பேஷண்ட்டுக்கு முன்கையிலயோ மேல்கையிலயோ ஃபிஸ்டுலா இருக்கும். தமனியையும் சிரையையும் ஆபரேஷன்ல இணைச்சது. தோலுக்கு அடியில புடைச்ச நரம்பு மாதிரி தெரியும். விரலை மெல்ல வச்சா மடியில படுத்த பூனை உறுமுற மாதிரி அதிரும். அந்தக் கையில பி.பி. கஃப் (கையில சுத்திக் காத்து ஏத்துற பட்டை) கட்டினா ஓட்டம் நின்னு உள்ளே ரத்தம் உறைஞ்சுடலாம். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை ரத்தம் சுத்தமாகுற வழியே அடைஞ்சுடும். மறுபடி ஆபரேஷன் செஞ்சு, அது முதிர்ந்து பயன்பாட்டுக்கு வரப் பல வாரம் காத்திருக்கணும். ஊசி, டிரிப்ஸ், ரத்தம் எடுக்கிறது, இறுக்கிக் கட்டுறது எதுவும் அந்தக் கையில கிடையாது. அந்தக் கை அடியில வர்ற மாதிரி ஒருக்களிச்சும் படுக்க வைக்கக் கூடாது.

வார்டு சிஸ்டர் | 12 ஜூன், பகல் 1:40

நன்றி. மார்புப் புற்றுக்காக அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கக் கை, டிரிப்ஸ் ஓடுற கை, பக்கவாதத்துல செயலிழந்த கை இதுலயும் பி.பி. வேண்டாம். ரெண்டு கையும் முடியாதுன்னா சிஸ்டரைக் கூப்பிடுங்க, காலில் பார்ப்பாங்களான்னு அவங்க முடிவு.

புது மாணவி | 12 ஜூன், இரவு 8:20

வைட்டல்ஸ் (நாடி, மூச்சு, பி.பி. மாதிரி அளவுகள்) எடுக்கிறதுல முதல் நாள் என்ன தப்பு வரும்? டிஜிட்டல் மெஷின்தான் இருக்குமாமே.

வார்டு சிஸ்டர் | 12 ஜூன், இரவு 10:05

மெஷின் இருக்கும். மூச்சு எண்ணுறதுக்கு மெஷின் இல்லை, அதனாலதான் அங்கே பொய் நுழையுது. எந்த வார்டு சார்ட்டையும் எடுத்துப் பாருங்க: 20, 20, 18, 20, 20. முப்பது பேரும் ஒரே மாதிரி மூச்சு விடுவாங்களா? ஆள் மோசமாகப் போறதை பி.பி. காட்டுறதுக்குப் பல மணி நேரம் முன்னாடியே மூச்சு காட்டிடும். 16-ல இருந்து 26 ஆனதை யாராவது எண்ணியிருந்தா, சாயங்காலம் ஐ.சி.யூ.வுக்கு ஓட வேண்டியிருக்காது.

எப்படி எண்ணுறது: ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணையும் மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கம் வச்சு நாடி எண்ணுங்க. உங்க கட்டைவிரல் வேண்டாம், அதுல உங்க நாடியே அடிக்கும். முழு 60 வினாடி. முடிஞ்சதும் கையை எடுக்காதீங்க. நாடி பார்க்கிற மாதிரியே பிடிச்சுக்கிட்டு, கண்ணை மட்டும் நெஞ்சுக்கோ வயித்துக்கோ கொண்டு போங்க. ஏறி இறங்கினா ஒண்ணு. மறுபடி முழு 60 வினாடி. "மூச்சு எண்றேன், சும்மா இருங்க"ன்னு சொன்னீங்கன்னா அவர் மூச்சே மாறிடும். போர்வை தடிமனா இருந்தா ஏற்ற இறக்கம் தெரியாது, அவர் கையை அவர் நெஞ்சு மேலயே வச்சுப் பிடிச்சுக்கிட்டா உங்க கையும் சேர்ந்து ஏறி இறங்கும். பெரியவங்களுக்கு 12 முதல் 20 சாதாரணம். எண்ணிக்கையோட எப்படி விடுறார்னும் பாருங்க: கழுத்துத் தசை இழுக்குதா, ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியுதா, உட்கார்ந்தாதான் மூச்சு வருதா.

முதல் நாள் வேறெதுவும் செய்யலைன்னாலும் பரவாயில்லை, பத்து பேருக்கு மூச்சை நிஜமா எண்ணி எழுதுங்க.

சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு, விரல்ல மாட்டிப் பார்க்கிறது): விரல் சில்லுன்னு இருந்தா தேய்ச்சுச் சூடாக்கிட்டு மாட்டுங்க. பி.பி. கஃப் கட்டின கையிலயே மாட்டாதீங்க, கஃப் இறுகும்போது ரத்தம் நின்னு எண் விழும், வீணாப் பதறுவீங்க. திரையில வர்ற நாடியும் நீங்க கையால எண்ணினதும் ஒத்துப்போகலைன்னா அந்த சாச்சுரேஷனையும் நம்பாதீங்க. எண் குறைவா இருக்கேன்னு ஆக்ஸிஜனை நீங்களா திருப்பக் கூடவே கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவங்களுக்கு 88 முதல் 92 போதும்னு டாக்டர் எழுதியிருப்பார், அதுக்கு மேல ஏத்தினா அவங்களுக்குக் கெடுதல்.

பி.பி.: 5 நிமிஷம் ஓய்வு, முதுகு சாய்ஞ்சு, கால் தரையில, கால்மேல கால் கிடையாது, கை இதய உயரத்துல, பேச்சு இல்லாம. கஃபோட கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேலே. சட்டைக் கைக்கு மேல கட்டாதீங்க.

வார்டு சிஸ்டர் | 13 ஜூன், காலை 7:10

பி.பி. பத்தி எழுதினது பாதிதான். கஃப் அளவு. உள்ளே காத்து நிறையுற பை, கை சுத்தளவுல 80 சதவீதமாவது சுத்தணும். பருமனான கையில சின்ன கஃப் கட்டினா நிஜத்தைவிட அதிகமாக் காட்டும், மெலிஞ்ச கையில பெரிசு கட்டினா குறைவாக் காட்டும். வார்டுல ஒரே கஃப்தான் தொங்குதுன்னா பெரிசு எங்கேன்னு கேளுங்க, பெரும்பாலும் பீரோவுல பூட்டியிருக்கும்.

பிசியோ அண்ணன் | 13 ஜூன், பகல் 12:30

கட்டில்ல இருந்து வீல்சேருக்கு மாத்துறதை யாரும் எழுதலையே. பிள்ளைங்க இடுப்பு போறதும் பேஷண்ட் விழுறதும் அங்கேதான்.

நாற்காலியை பேஷண்ட்டோட நல்ல பக்கம் போடுங்க. வலது கை கால் செயலிழந்தவர்னா இடது பக்கம், கட்டிலுக்குச் சாய்வா. ரெண்டு சக்கரத்துலயும் பிரேக். பிரேக் போட்டுட்டு ஒரு தடவை தள்ளிப் பாருங்க, பாதி வண்டியில பிரேக் பிடிக்காது. கால் வைக்கிற தட்டு ரெண்டையும் மேலே மடக்குங்க, இல்லைன்னா அதுல தடுக்கித்தான் விழுவாங்க. கட்டிலைத் தாழ்த்த முடிஞ்சா பாதம் தரையில பதியுற உயரத்துக்குத் தாழ்த்துங்க. உட்கார வச்சு ரெண்டு நிமிஷம் காலைத் தொங்கப் போட வைங்க, தலை சுத்துதான்னு கேளுங்க. நாள்கணக்காப் படுத்திருந்தவர் எழுந்ததும் பி.பி. இறங்கும்.

தூக்கும்போது அக்குள்ல கை கொடுத்து இழுக்காதீங்க. பக்கவாதக் கைக்குத் தோள்பட்டைத் தசை பிடிப்பே இருக்காது, மூட்டு நழுவிடும், அப்புறம் மாசக்கணக்குல வலி. இடுப்புல பெல்ட் இருந்தா பெல்ட்டைப் பிடிங்க. உங்க முழங்காலை மடக்கி, அவரோட பலவீனமான முழங்காலுக்கு உங்க முழங்காலை முட்டுக் கொடுத்து, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி எழுப்பி, பாதத்தைத் திருப்பி உட்கார வைங்க. முதுகை முறுக்கக் கூடாது. தனியா முதல் நாள் யாரையும் எழுப்பாதீங்க.

விழ ஆரம்பிச்சா தாங்கிப் பிடிக்க முயற்சி பண்ணாதீங்க. உங்க உடம்போட சாய்ச்சு மெதுவாத் தரைக்கு இறக்குங்க, தலையை மட்டும் காப்பாத்துங்க. விழுந்தவரை உடனே தூக்காதீங்க. கூப்பிடுங்க, சிஸ்டர் பார்த்து எலும்பு சரியா இருக்குன்னு சொன்ன பிறகுதான் தூக்கணும்.

வார்டு சிஸ்டர் | 13 ஜூன், இரவு 9:15

பிசியோ அண்ணன் சொன்னதோட யூரின் பேகைச் சேர்த்துக்கங்க. வீல்சேர்ல மாத்தும்போது அதைப் பேஷண்ட் மடியில வைக்கிற பழக்கம் எல்லா இடத்திலயும் இருக்கு. பை மூத்திரப்பைக்கு மேல போனா பழைய யூரின் திரும்பி உள்ளே இறங்கும், கிருமியோட. எப்பவும் இடுப்புக்குக் கீழே, ஆனா தரையைத் தொடாம. வீல்சேர்ல சீட்டுக்கு அடியில கம்பியில மாட்டலாம், சக்கரத்துல சிக்காம பாருங்க.

காலி பண்றது: முக்கால் நிறையுற வரைக்கும் விடாதீங்க, கனத்துல ட்யூப் இழுக்கும். ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் தனி ஜக். கிளவுஸ் போட்டு, அடி வால்வை ஜக்கைத் தொடாம திறந்து, வடிஞ்சதும் ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு மூடணும். மூடினீங்களான்னு ரெண்டு தடவை பாருங்க, முதல் நாள் தரையில குளம் கட்டுறது இதனாலதான். பையில போட்ட கோடு தோராயம். அளவு ஜக்கைச் சமதரையில வச்சு, குனிஞ்சு, கண் மட்டத்துல படிங்க. மணிக்கு 30 மி.லி.க்குக் குறைஞ்சா உடனே சொல்லணும். பை காலியா இருந்தா முதல்ல ட்யூப் எங்கயாவது மடங்கியிருக்கான்னு பார்த்துட்டுச் சொல்லுங்க.

பழைய கை | 14 ஜூன், காலை 8:00

பேக் கேர் (முதுகுப் பராமரிப்பு) பத்தி ஒரு வரி கூட இல்லை. படுத்த படுக்கை ஆளுங்களுக்கு ஸ்பிரிட் போட்டு முதுகை நல்லாத் தேய்ச்சு பவுடர் போட்டா புண்ணே வராது. இருபது வருஷமா வார்டுல இதுதான்.

வார்டு சிஸ்டர் | 14 ஜூன், காலை 9:25

அண்ணே, நம்ம எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. இப்போ அதை விட்டாச்சு, காரணம் இருக்கு. ஸ்பிரிட் தோலோட எண்ணெய்ப் பசையை எடுத்துக் காய வைக்கும், காய்ஞ்ச தோல் சீக்கிரம் கிழியும். பவுடர் வேர்வையோட சேர்ந்து கட்டியாகி மடிப்புல உரசும். சிவந்த இடத்தைத் தேய்ச்சா அடியில ஏற்கெனவே நசுங்கின சின்ன ரத்தக்குழாய் இன்னும் சேதமாகும். வட்டமான காத்து ட்யூப் மேல உட்கார வைக்கிறதும் வேண்டாம், நடுவுல இருக்கிற தோலுக்கு ரத்தம் போறது குறையும்.

சிவப்பை விரலால அழுத்தி எடுங்க. வெளுத்துத் திரும்பச் சிவந்தா இன்னும் நேரம் இருக்கு. வெளுக்கவே இல்லைன்னா அது புண்ணோட முதல் படி, அந்த நிமிஷமே சிஸ்டர்கிட்ட சொல்லணும். கறுத்த தோல்ல சிவப்பு தெரியாது, அங்கே கையால பாருங்க: பக்கத்துத் தோலைவிடச் சூடா, கெட்டியா, வலிக்குதா.

செய்ய வேண்டியது: 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்துறது. முழுசா ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும், இடுப்பு எலும்பு மேல பாரம் விழாது. கெண்டைக்காலுக்கு அடியில தலையணை வச்சுக் குதிகால் மெத்தையைத் தொடாம மிதக்கட்டும். மேலே நகர்த்தும்போது ட்ரா ஷீட்டை (இடுப்புக்கு அடியில குறுக்கா விரிச்ச துணி) ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் சுருட்டிப் பிடிச்சுத் தூக்கணும். இழுத்தா தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் போகும். விரிப்புல சுருக்கம், பிஸ்கட் தூள், மறந்துபோன ஊசி மூடி இதெல்லாம் ஒரு ராத்திரியில புண்ணு போட்டுடும்.

பழைய கை | 14 ஜூன், காலை 10:10

சரி, தேய்க்கிறதை நிறுத்துறேன். ஆனா தொடுறதை நிறுத்த மாட்டேன். ஈரம் ஒத்தி எடுத்து, கொஞ்சம் ஈரப்பத க்ரீம் தடவி, முதுகு பூரா ஒரு தடவை பார்க்கிறது இருக்கே, அந்தப் பார்வைதான் புண்ணைத் தடுத்துச்சுன்னு இப்போ தோணுது.

வார்டு சிஸ்டர் | 14 ஜூன், காலை 10:20

அதேதான் அண்ணே.

புது மாணவி | 14 ஜூன், பகல் 3:45

சாப்பாடு ஊட்டச் சொல்லுவாங்கன்னு சீனியர் சொன்னாங்க. அதுல என்ன இருக்கு?

வார்டு சிஸ்டர் | 14 ஜூன், இரவு 9:50

நிறைய இருக்கு. முதல்ல என்.பி.ஓ. (வாய்வழி எதுவும் கூடாது) போர்டு தொங்குதான்னு பாருங்க, தொங்கலைன்னாலும் கேளுங்க. ஆபரேஷனுக்குப் போறவருக்குக் கூட இருக்கிற மகள் "காபிதானே, ஒரு மடக்குதானே"ன்னு கொடுத்திருப்பாங்க. பால் கலந்த காபி திட உணவுக் கணக்குல வரும், 6 மணி நேரம் இடைவெளி வேணும். அதை மறைக்காம சிஸ்டர்கிட்ட சொல்லணும், மயக்க மருந்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள போயிடும். மகளைத் திட்டாதீங்க, அடுத்த தடவை சொல்லாம மறைச்சுடுவாங்க.

பக்கவாதம் வந்து சேர்ந்தவருக்கு விழுங்கும் சோதனை முடியுற வரைக்கும் தண்ணிகூட வாயில கூடாது.

இப்போ நம்ம ஊருக்கே உரிய ஒண்ணு. நம்மாளுங்க சொம்பையோ பாட்டிலையோ அண்ணாந்து குடிப்பாங்க, எச்சில் படக் கூடாதுன்னு. நல்லா இருக்கிறவருக்குப் பிரச்சினை இல்லை. விழுங்கச் சிரமப்படுறவருக்குத் தலை பின்னால சாய்ஞ்சா மூச்சுக்குழாய் வாசல் திறந்து நிக்கும், தண்ணி நேரா உள்ளே போகும். வயசானவங்க "வாய் வச்சுக் குடிக்க மாட்டேன்"னு பிடிவாதம் பிடிப்பாங்க. அவங்களுக்குன்னு தனி டம்ளர்னு காட்டி, ஸ்பூன்ல கொடுங்க, தாடையை நெஞ்சுப் பக்கம் லேசாத் தாழ்த்தச் சொல்லுங்க.

நேரா உட்கார வச்சு, நீங்களும் அவர் கண் மட்டத்துல உட்கார்ந்து ஊட்டணும். நின்னுக்கிட்டு ஊட்டினா அவர் அண்ணாந்துதான் பார்ப்பார், மறுபடி அதே ஆபத்து. அரை ஸ்பூன். தொண்டையில குரல்வளை மேடு ஏறி இறங்கினதைப் பார்த்த பிறகு அடுத்தது. செயலிழந்த பக்கக் கன்னத்துல சோறு தங்கும், முடிஞ்சதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க. இருமல் வந்தாலோ, குரல் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி கொழகொழன்னு மாறினாலோ நிறுத்திடுங்க, சொல்லுங்க. முடிஞ்சு 30 நிமிஷம் படுக்க விடக் கூடாது. எவ்வளவு சாப்பிட்டார்னு எழுதும்போது "சாப்பிட்டார்"னு எழுதாதீங்க, "2 இட்லியில அரை, தண்ணி 100 மி.லி."ன்னு எழுதுங்க.

புது மாணவி | 15 ஜூன், காலை 9:00

குப்பைத் தொட்டி கலர் இன்னும் குழப்பம். ஊசி குத்திட்டா என்ன?

வார்டு சிஸ்டர் | 15 ஜூன், காலை 10:40

2016 மருத்துவக் கழிவு விதிப்படி: ரத்தம், சீழ் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, டயாப்பர், மாஸ்க் மஞ்சள். டிரிப்ஸ் ட்யூப், யூரின் பேக், கிளவுஸ், ஊசி நீக்கின சிரிஞ்ச் சிவப்பு. ஊசி, பிளேடு துளைபடாத வெள்ளை டப்பா. உடைஞ்ச கண்ணாடிக் குப்பி நீலம். கிளவுஸ்லதான் எல்லாரும் தப்பு பண்றாங்க: ரத்தம் பட்டதாச்சேன்னு மஞ்சள்ல போடுவாங்க. பஞ்சும் துணியும் மஞ்சள், பிளாஸ்டிக்கும் ரப்பரும் சிவப்புன்னு மனசுல வச்சுக்கங்க.

உங்க வேலையில ஊசி போடுறது இல்லை. ஆனா ஊசி குத்துறது உண்டு, விரிப்பு மாத்தும்போது. டிரிப்ஸ் போட்டவங்க மறந்த ஊசி மடிப்புக்குள்ள இருக்கும். அதனால அழுக்கு விரிப்பை உதறாதீங்க, நெஞ்சோட அணைக்காதீங்க. முதல்ல கண்ணால முழுசாப் பாருங்க, நாலு ஓரத்தையும் உள்பக்கமா உருட்டி நேரா பக்கெட்டுல போடுங்க. மூடியில்லாத ஊசி கிடந்தா மூடி போட முயற்சி பண்ணாதீங்க.

குத்திட்டா: கிளவுஸைக் கழட்டி, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவுங்க. பிதுக்கக் கூடாது, வாயில வைக்கக் கூடாது, ஸ்பிரிட்டோ ஹைப்போவோ (கிருமி கொல்லுற ப்ளீச் திரவம்) ஊத்தக் கூடாது. உடனே இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட சொல்லணும், எந்த பேஷண்ட்னு தெரிஞ்சா அதையும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைன்னா 2 மணி நேரத்துக்குள்ள தொடங்குறது நல்லது, 72 மணி தாண்டினா பலன் இல்லை, 28 நாள் சாப்பிடணும். "திட்டுவாங்க"ன்னு மறைச்சு வீட்டுக்குப் போறதுதான் பெரிய ஆபத்து.

சிந்தின ரத்தத்துக்கு 1 சதவீத ஹைப்போ. பாட்டில்ல 5 சதவீதம்னு இருந்தா 1 பங்கு ஹைப்போ, 4 பங்கு தண்ணி. 10 சதவீதம்னா 1-க்கு 9. பச்சைத் தண்ணியில, அன்னன்னிக்குக் கலக்கணும், நேத்துக் கலக்கினது வெறும் வாசம். ரத்தத்து மேல பஞ்சோ பேப்பரோ போட்டு, அதுமேல ஊத்தி 10 நிமிஷம் விட்டுத் துடைங்க. பாத்ரூம் ஆசிடோட கலந்துடாதீங்க, விஷவாயு வரும்.

வார்டு சிஸ்டர் | 15 ஜூன், காலை 10:55

கை கழுவுறதைத் தனியா எழுதாம விட்டுட்டேன். ஹேண்ட் ரப் (கையில தேய்ச்சுக்கிற சானிடைசர்) 20 முதல் 30 வினாடி, சோப்பு 40 முதல் 60 வினாடி. விட்டுப்போற இடம் கட்டைவிரலும் விரல் நுனியும். பேஷண்ட்டைத் தொடுமுன், சுத்தமான வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், பேஷண்ட்டைத் தொட்ட பின், அவர் கட்டிலையோ லாக்கரையோ தொட்ட பின். அஞ்சாவதைத்தான் எல்லாரும் மறப்பாங்க. வயித்துப்போக்கு பேஷண்ட்டுக்கு ஹேண்ட் ரப் போதாது, சோப்பும் தண்ணியும்தான். கிளவுஸ் போட்டாலும், கழட்டினதும் கழுவணும்.

புது மாணவி | 15 ஜூன், மாலை 6:30

யாராவது "டிரிப்ஸ் முடிஞ்சிடுச்சு, மாத்திடு", "இந்த மாத்திரையைக் கொடுத்துடு"ன்னா மறுக்கலாமா? மார்க் குறைச்சிடுவாங்களோன்னு இருக்கு.

வார்டு சிஸ்டர் | 15 ஜூன், இரவு 8:05

மறுக்கணும். மருந்து, ஊசி, டிரிப்ஸ் வேகம், ஆக்ஸிஜன் அளவு, ட்யூப் போடுறது எடுக்கிறது எதுவும் உங்களுது இல்லை. "மாட்டேன்"னு சொல்ல வேண்டாம். "சிஸ்டர், இது எங்க பாடத்துல இல்லை, நீங்க செய்யும்போது கூட நின்னு பார்க்கிறேன்"னு சொல்லுங்க. இதுல யாருக்கும் கோபம் வராது, கத்துக்கவும் செய்யலாம். சொந்தக்காரங்க "ரிசல்ட் என்னாச்சு"ன்னு கேட்டா தெரிஞ்சாலும் சொல்லாதீங்க, "சிஸ்டரைக் கூப்பிடுறேங்க" போதும். போட்டோ, ரீல்ஸ் எதுவும் வார்டு வாசலைத் தாண்டக் கூடாது.

சொல்றதுக்கும் ஒரு முறை இருக்கு. "சிஸ்டர், 5-ம் பெட் ஒரு மாதிரியா இருக்கார்"னு சொன்னா அவங்க கையில இருக்கிற வேலையை விட மாட்டாங்க. "சிஸ்டர், 5-ம் பெட் முருகேசன், மூச்சு 28, காலையில 18 இருந்துச்சு, கூப்பிட்டா மெதுவாத்தான் கண் திறக்கிறார், வந்து பாருங்க"ன்னு சொன்னா ஓடி வருவாங்க.

புது மாணவி | 15 ஜூன், இரவு 9:10

கடைசிக் கேள்வி. 6:40-க்குப் போயிடுவேன். 7 மணி வரைக்கும் சும்மா நிக்கணுமா?

வார்டு சிஸ்டர் | 15 ஜூன், இரவு 9:30

நிக்க வேண்டாம். இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட பேர் சொல்லி, "முதல் நாள், யாரோட நிக்கட்டும்?"னு கேளுங்க. அப்புறம் வார்டை ஒரு சுத்து நடங்க. எமர்ஜென்சி டிராலி எங்கே, ஆக்ஸிஜன் சிலிண்டரும் அதோட சாவியும் எங்கே, தீயணைப்பான் எங்கே, வாஷ்பேசின்ல சோப்பு இருக்கா, பெட்பான் எங்கே கவிழ்த்து வச்சிருக்காங்க, வெள்ளை டப்பா எந்த டிராலியில. நோட்டு முதல் பக்கத்துல இந்த ஆறையும் எழுதுங்க. ரெண்டாவது பக்கத்துல உங்களுக்குக் கொடுத்த பெட் ஒவ்வொண்ணுக்கும் நாலு கட்டம்: பேர், என்ன மாட்டியிருக்கு, என்ன தடை, மூச்சு. ஹேண்ட்ஓவர் (ராத்திரி ஷிஃப்ட் காலை ஷிஃப்ட்டுக்கு ஒப்படைக்கிறது) நடக்கும்போது பக்கத்துல நின்னு முதல் மூணை நிரப்பிடலாம். நாலாவதை வாட்சைப் பார்த்து நீங்களே எண்ணி எழுதுங்க. வீட்டுக்குக் கிளம்புமுன் பேர் எழுதின தாளைக் கிழிச்சு வார்டுலயே துண்டு துண்டாக்கிட்டு வாங்க, பேஷண்ட் பேரோட நோட்டு பஸ்ல வரக் கூடாது.